தகரத்தில் போன குண்டுகள்

"…எல்லாம் ஈயந்தானே அம்மணி, இதுக்குப் போயி நாளு நச்சத்திரமெல்லாம் பாக்கோணுமா" என்றார் அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் அவருடைய களத்தில் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய ஏர்கன், பக்கத்தில் மூடி திறந்த ஒரு சின்ன வட்ட டப்பா. அந்த டப்பாவுக்காகத்தான் நான் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி, வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

டப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

நான் சுடுவது மேசைப் போட்டி. முட்டி தேய்ந்து நிற்க முடியாதவளுக்கு ஏற்ற விளையாட்டு. மேசைமேல் மணல்பை, அதன்மேல் ஏர் ரைபிள், பின்னால் ஒரு ஸ்டூலில் நான். இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அதில் வரிசையாகச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகு போல ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மிச்சமில்லாமல் போக வேண்டும். கண்ணும் விரலும் ஒழுங்காக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. யூடியூபும் என் தப்புகளும்தான் வாத்தியார். கண்ணும் விரலும் பாதிதான், மீதி குண்டு என்பது ஒரு வருசம் தோற்ற பிறகுதான் புரிந்தது.

ஏர் ரைபிள் குண்டை நாங்கள் பெல்லட் என்போம். எல்லா டப்பாவிலும் ஒரே கம்பெனி பெயர், ஒரே எடை அச்சடித்திருக்கும். ஆனால் அச்சு புதிதாக இருந்தபோது அடித்த குண்டு ஒரு மாதிரி, அச்சு தேய்ந்தபின் அடித்தது வேறு மாதிரி. இரண்டையும் உள்ளங்கையில் கலந்து வைத்தால் அடித்த கம்பெனிக்காரனாலும் பிரிக்க முடியாது. நகைக்கடைத் தராசுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாகத் தெரிவது துப்பாக்கிக் குழலுக்கு மட்டும். டப்பாவின் முதுகில் லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை அடித்த குண்டு என்கிற எண், ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து லாட் லாட்டாக வாங்கி, சுட்டுப் பார்த்துத்தான் நம் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மதுக்கரைப் பக்கம் எங்கள் கிளப்பில் அட்டை மாட்டுகிற பெரியவர் இதை அழகாகச் சொல்வார்: "குழலும் குண்டும் சம்பந்தகாரங்க மாதிரிங்க. பொண்ணு பாக்க வாரப்ப எல்லாரும் நல்லவிகதான். பந்தியில ஒக்காந்தாத்தான் ஆரு எப்படின்னு தெரியும்." இந்த மாதிரி ஒரு சொல் காதில் விழுந்தால் நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன்.

அந்த வருசம் விடியக்காலம் விடியக்காலமாகப் போய் உட்கார்ந்தேன். மலைக் கணவாய் வழியே வரும் காற்று எழுவதற்குள் சுட்டு முடித்தாக வேண்டும். ஒரு லாட்டைச் சுடுவது, குழலைத் துடைப்பது, அடுத்த லாட்டில் நாலைந்தைச் சும்மா விட்டுக் குழலைப் பழக்குவது, பிறகு அட்டையில் ஐந்து. பெரும்பாலான லாட்டுகள் கோழி கிளறிய மாதிரி சிதறின. ஒன்றே ஒன்று மட்டும் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போட்டது. ஒரு மிளகு நுழையும், இரண்டு நுழையாது. அட்டையை எடுத்துவந்த பெரியவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த லாட்டில் கடைக்காரரிடம் இருந்தது இரண்டே டப்பா. இரண்டையும் வாங்கினேன். ஒன்று ரைபிள்மேல் இருக்கும் டெலஸ்கோப்பைத் திருத்தவும் பழகவும் தீர்ந்தது. இன்னொன்றைப் பிரிக்காமல் மாநிலப் போட்டிக்கென்று சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கீழ்த்தட்டில் கழித்துப்போட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி.

போட்டிக்கு முந்தின வாரம் மேல்தட்டு காலி.

நான் கடைக்குப் போயிருந்தபோது அண்ணன் வந்திருக்கிறார். செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு டின் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். காக்காய் தொல்லை தாங்கவில்லை, துப்பாக்கிக்குக் குண்டு தீர்ந்துவிட்டது, அம்மணியிடம் இருக்குமே என்று கேட்டிருக்கிறார். எண்ணெய் கொண்டுவந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பலாமா? என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவசரத்தில் கை மாறிவிட்டது போல என்று நானே அவருக்காக ஒரு சாக்குத் தேடி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். சிவப்புக் குறி கண்ணில் படவில்லையா என்றேன். பட்டது என்றார். எது நல்ல டப்பா என்று தெரியாதா என்றேன். அப்போது சொன்னார் பாருங்கள்: "தெரிஞ்சுதான் புள்ள குடுத்தேன். பொறந்தவ ஊட்டுக்கு நீ கழிச்சுப்போட்டதையா குடுக்கறது? அதும் பிரிச்ச டப்பாவ?"

மறதி என்றால் மன்னித்திருப்பேன். இது மறதி இல்லை, மரியாதை. 'ஊரான் ஊட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி உண்டு. இங்கே நெய் பொண்டாட்டியுடையது, கை மட்டும் அவருடையது. தன் பைக்கை ஒருத்தர் தொட்டால் துணி எடுத்துத் துடைக்கிற மனிதர். அதை அக்கா வீட்டுக்காரர் கேட்டிருந்தால் பெட்ரோல் இல்லை, பிரேக் சரியில்லை என்று என்னவெல்லாம் சொல்லியிருப்பார். என் குண்டுக்கு ஒரு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு முன்னால் அவர் கௌரவம் குறையக் கூடாது. அதற்கு என் விடியக்காலமெல்லாம் ஒரு டப்பாவில் அடைந்து காங்கேயம் போகலாம். கடைக்காரருக்குப் போன் செய்தேன். அந்த லாட் இனி வராதுங்க என்றார்.

மறுநாள் சோறும் ஆக்கவில்லை, பேசவும் இல்லை. கழித்த டப்பாக்களில் நிறைய இருந்த இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாற்றி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது கணக்கு.

களத்துக்குள் நுழையும்போதே டங் என்று ஒரு சத்தம். பருப்பைக் கொத்திக்கொண்டிருந்த காக்காய்கள் எழும்பிப் போய்த் தென்னையில் உட்கார்ந்தன. களத்துக் கோடியில் கம்பம் நட்டு, ஒரு கதவகலத் தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் அதைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். காக்காயைச் சுடுவது பாவம், அதனால் தகரத்தைச் சுட்டுச் சத்தம் காட்டுகிறாராம். மிளகளவு ஓட்டைக்காக நான் பொறுக்கியெடுத்த குண்டு கதவகலத் தகரத்தில் போய்ச் சப்பையாகி விழுந்துகொண்டிருந்தது.

"ஏனுங்ண்ணா, சத்தந்தான் வேணும்னா கல்லெடுத்து எறிஞ்சா ஆகாதுங்களா?"

"கல்லு பருப்புல உளுந்து கெடக்குமே அம்மணி. செக்குக்காரன் வைவான்" என்றார், நான் ஏதோ யோசனை கேட்டதுபோல.

அவர்மேல் கத்தவும் முடியாது. கெட்ட மனிதராக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். நங்கையா, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, மோர் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, இளைத்துப் போய்விட்டாயே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மோரைக் குடித்துக்கொண்டே நான் அண்ணனுக்கு அச்சு தேய்வதிலிருந்து லாட் நம்பர் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைப் போட்டி வரைக்கும் எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுத்தான் ஈயம், நச்சத்திரம் என்று தொடக்கத்தில் எழுதியிருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார்.

பையிலிருந்த இரண்டு டப்பாவையும் கட்டிலில் வைத்தேன். தகரத்துக்கு இது ஒரு வருசம் வரும், அதை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"அதுக்கென்ன அம்மணி, தாராளமா எடுத்துக்கொ" என்றார்.

எட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குதான் போயிருந்தது. மிச்சம் போட்டிக்குத் தாராளம். முந்தின நாளிலிருந்து அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. நங்கையா இன்னும் கால் டம்ளர் மோர் ஊற்றினார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் டப்பாவை மூடி என்னிடம் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். கலகலவென்றது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நம்மூட்டுக்கு முழுசா வந்த டப்பாவக் கொறையாவா திருப்பி அனுப்பறது" என்று, மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் கை நீட்டுவதற்குள், நான் கொண்டுபோன சிவப்புக் குறி டப்பா ஒன்றைத் திறந்து, என் நல்ல டப்பாவையும் திறந்து அதற்குள் கவிழ்த்து, விரலை விட்டு நன்றாகக் கலந்து நிரவி, படியில் நெல் அளக்கிற மாதிரி தலைதட்டாமல் கும்பாரமாகக் குவித்து வைத்தார்.