முனியம்மாவின் முகமும் பழைய கார்டின் டிரைவரும்

துணி பேனர் பன்னிரண்டு மணிக்கு அச்சகத்திலிருந்து வந்தது. விரித்தோம். அதில் சிரித்துக்கொண்டிருந்தவர் முனியம்மா இல்லை.

வாசகத்தில் பிழை இல்லை. "துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வுபெறும் முனியம்மா அவர்களுக்குப் பாராட்டு விழா" என்ற வரியை மூன்று முறை படித்துச் சரிபார்த்தவள் நான். முகம்தான் ஒடுங்கி, நீண்டு, வேறு யாருடையதோ ஆகியிருந்தது. விழா நான்கு மணிக்கு.

ஸ்ரீராம்புரத்தில் லீலாக்காவின் டிசைன் கடையில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். மற்ற நேரம் முதுகலைத் தமிழ் படிப்பு. கடைக் கணினி பழையது, அதன் கிராபிக்ஸ் கார்டு அதைவிடப் பழையது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியவள் நான். எனக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக இதை எழுதிவைக்கிறேன்.

அத்தகைய கார்டுக்கு மூன்று டிரைவர்கள், அதாவது கார்டைத் திரையில் படம் காட்டவைக்கும் மென்பொருள்கள், கண்ணில் படும். கார்டு நிறுவனத்தின் புதிய டிரைவருக்குப் பழைய கார்டை அடையாளமே தெரியாது. அதே நிறுவனத்தின் பழைய டிரைவர் வேகமானது. ஆனால் சிஸ்டத்தைப் புதுப்பித்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் புதிதாகி, அதோடு ஒட்டாமல் போகலாம். மூன்றாவது, தன்னார்வலர்கள் எழுதி லினக்ஸுடனேயே வரும் திறந்த டிரைவர், நிதானமாக ஓடும். வேகத்துக்கு ஆசைப்பட்டு நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அதோடு மோதாதிருக்க, திறந்த டிரைவரை ஏற்றக் கூடாது என்று ஒரு கோப்பில் ஒரு வரியும் சேர்த்தேன்.

பல மாதங்கள் கழித்து சிஸ்டத்தை அப்டேட் செய்தேன். மறுநாள் திரையில் எல்லாம் சற்று அகன்று தெரிந்தது. புதிய பதிப்பின் தோற்றம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றுதான் முனியம்மா போட்டோவுடன் வந்தார். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மூஞ்சி பூசணிக்கா மாதிரி கீது? நான் இவ்ளோ குண்டா?"

"காலையில ரெண்டு பிளேட் இட்லி தின்னா வேற எப்படி இருக்கும்?" என்றார் லீலாக்கா.

"போடி, உன் வூட்டு இட்லியையா துன்னேன்?"

நான் படத்தின் அகலத்தைக் குறைத்தேன். "ஆங், இப்பதான் நானு" என்றார் முனியம்மா. கோப்பு சிவாஜிநகர் அச்சகத்துக்குப் போயிற்று.

மறுநாள், நாங்கள் விரித்த பேனரின் முன் அவர் நின்றார். கோபப்படவில்லை.

"இத்தினி வருசம் மேஸ்திரிங்க மூஞ்சியத்தான் பேனர்ல பாத்தேன். ஒரு வாட்டி நம்ம மூஞ்சி வருதுன்னு, நான் பெருக்குன தெருவையே வரச் சொல்லிட்டேன். யாரு இதுன்னு கேப்பாங்களே, கண்ணு."

லீலாக்கா அச்சகத்துக்கு போன் செய்தார். "ரெண்டு மணிக்குள்ள பைல் வந்தா மறுபடி ஓட்டித் தராங்களாம். பேகா பண்ணுடி, சட்டுனு!"

திரையில் ஒரு வட்டம் வரைந்து அளவுகோலை வைத்தேன். உயரத்தைவிட அகலம் அதிகம். செட்டிங்ஸில் பார்த்தால், திரையின் அளவு 1920×1080 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1024×768. பழைய டிரைவர் புதிய கெர்னலோடு சேரவில்லை. திறந்த டிரைவரை நான் எழுதிய வரி தடுத்துவிட்டது. இரண்டுமின்றி, அவசரத்துக்கான எளிய முறையில் சிஸ்டம் ஓட, அந்தச் சிறிய திரைக்காட்சியை மானிட்டர் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருந்தது. அகன்றது முனியம்மாவின் முகமல்ல, திரை. சரியாக இருந்த படத்தைத்தான் நான் ஒடுக்கி அனுப்பியிருந்தேன்.

பழைய டிரைவரை நீக்கினேன். என் வரியையும் அழித்தேன். ரீஸ்டார்ட். திரை கறுத்தது.

"சாமி கும்பிட்டுக்கட்டுமா?" என்றார் முனியம்மா.

"கும்பிட்டுக்கோங்க" என்றேன்.

திறந்த டிரைவர் ஏறியது: 1920×1080. வட்டம் வட்டமாக இருந்தது. படத்தை அசல் அளவுக்கு மீட்டேன். பிறகு, அந்த இரண்டு நாட்களில் முதன்முறையாக, திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். மீண்டும் திரையைப் பார்த்தேன். அதே கன்னங்கள்.

"குண்டுதான். ஆனா நான்தான்" என்றார்.

புதிய பேனர் மூன்றரைக்கு வந்தது. ஒல்லி பேனரையும் அவர் மடித்து எடுத்துக்கொண்டார். "ஒசூர்ல என் தங்கச்சி இப்படியேதான் இருப்பா. அவ ரிட்டயர் ஆவும்போது பேர மட்டும் மாத்திக்கலாம்."

பேனர் செய்வதற்குத் திறந்த டிரைவரின் வேகம் போதும், அதை மாற்றாதீர்கள். ஒவ்வோர் அப்டேட்டுக்குப் பின்னும் வட்டம் வரைந்து அளந்து பாருங்கள். அளவுகோல் இடது இழுப்பறையில் இருக்கிறது. நான் பேச்சுக் குறைந்தவள். வாடிக்கையாளர் வந்தாலும் திரையைவிட்டுக் கண்ணெடுக்காதவள். அன்று சரியான அளவு என் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தது. நீங்கள் முதலில் அங்கே பாருங்கள்.