எஸ்தர் அக்கா வெட்டிப் போட்ட லாரி

எஸ்தர் அக்காவின் தம்பி ஜோசப்பிடமிருந்து போன் வந்தபோது நான் ஒரு டிப்பரின் கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் எனக்குப் போன் செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. "அக்கா போயிடுச்சு" என்றான். எப்படி என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டி எடைமேடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். முள் தப்பாகக் காட்டுகிறது, மறுபடி போடு என்று ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்திருக்கிறார். பிடித்த கை பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

மறுபடி எடை போட்டார்களா என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் ஜோசப் கோபப்படவில்லை. "போட்டாங்க. அக்கா சொன்னதுதான் கரெக்டு" என்றான்.

ஷெட்டுக்காரர்களும் லாரிக்காரர்களும் சேர்ந்து அடிக்கும் இந்த அஞ்சலி மலருக்கு எஸ்தர் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்று என்னிடம் சொன்னார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாலு நல்ல வார்த்தையில் அடங்குகிற ஆள் இல்லை அவர். உங்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓடித் தப்பித்தவர்கள். அவர் சாந்தமானவர், பொறுமைசாலி என்றெல்லாம் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

பெரியபாளையம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். தாய் இறந்த பிறகு தம்பி ஜோசப்பை இழுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்து, உருக்காலை ஒன்றில் பழைய இரும்பு பிரிக்கும் வேலையில் சேர்ந்தார். இடது உள்ளங்கையில் ஒரு நீளமான வெட்டு இருந்தது, தகரம் கிழித்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய பத்துச் சக்கர லாரி வாங்கினார். ஜோசப் ஓட்டினான். காட்டுப்பள்ளியிலிருந்து பழைய இரும்பு ஏற்றி வந்து இங்கே உலைகளில் கொட்டுவது. அக்காவும் தம்பியும் சாப்பிட்டது அந்த ஒரு வண்டியில்தான். வண்டியின் நெற்றியில் 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். ரெண்டுமா என்று யாராவது கேட்டால், "உனுக்கு இன்னா பேஜாரு? ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் பாத்துப்பாங்க" என்பார்.

ஒருநாள் ஜோசப் லோடோடு எங்கள் ஷெட்டுக்குள் வந்தான். பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை மாற்றக் கீழே போனபோதுதான், மொத்த எடையையும் தாங்குகிற அடிச்சட்டமான சேஸில் விரிசலைப் பார்த்தேன். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. எஸ்தர் அக்காவை வரவழைத்து, வண்டி முடிந்துவிட்டது, இதற்கு மேல் செலவு செய்வது வீண், உடைக்கக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் ஜாக்கி லீவரை எடுத்து என் தலையைப் பார்த்து வீசினார். குனிந்தேன். பின்னாலிருந்த டிரம் ஒன்று ஓட்டையானது. அது இன்னும் ஷெட்டில் இருக்கிறது.

"வயசானா வெட்டிப் போடணுமா? உங்கப்பனுக்கும் வயசாச்சு. கூட்டிக்கினு வா, அவரையும் இங்கயே வெட்டிப் போட்டுறலாம்" என்றார்.

பழுது பார்க்க வழி இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்க நீள இரும்பையும் முழுசாக மாற்ற வேண்டும். அதற்கு கேபினிலிருந்து பாடி வரை எல்லாவற்றையும் இறக்கணும். இறக்கினால் இன்ஜினும் பணம் கேட்டுக் கைநீட்டும், ஆக்சிலும் கைநீட்டும். செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். இதைச் சொன்னதும் ஜோசப் என்னைத் தள்ளிவிட்டு மீஞ்சூரிலிருந்து வெல்டர் ரவியைக் கூட்டிவந்தான். விரிசல் மேல் ஒரு பட்டை வைத்து வெல்டிங் போட்டால் போதும் என்றான் ரவி. சேஸின் மேல் விளிம்பில் வெல்டிங் போடக்கூடாது, சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும் என்று நான் கத்தினேன். படித்தவன் திமிர் என்றான் ரவி. வார்த்தை கைகலப்பானது. என் உதடு கிழிந்தது, அவன் கண்ணாடி உடைந்தது. அக்கா ஒரு பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்து இரண்டு பேரையும் விளாசினார். சமமாக அடித்தார், அதைச் சொல்லியே ஆகணும்.

பிறகு ரவியைப் பார்த்து, "நீ போடு" என்றார். எனக்குத் தோற்றுப்போன மாதிரி இருந்தது.

ரவி வெல்டிங் போட்டு முடித்து, கறுப்புப் பெயின்டும் அடித்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா ஜோசப்பிடம் லோடை இறக்காதே என்றார். ஷெட் மூலையில் கிடந்த பழைய ரயில்வே மரக்கட்டை ஒன்றை முன்சக்கரம் ஒன்றுக்கு முன்னால் போட்டு, வண்டியை அதன் மேல் ஏற்றச் சொன்னார். ஒரு சக்கரம் மேலே போனதும் மொத்த லாரியும் லோடோடு முறுக்கிக்கொண்டு நின்றது. எங்கோ இரும்பு முனகியது.

"ரவி, கீழ படு" என்றார்.

ரவி சிரித்தான்.

"இன்னா சிரிப்பு? உன் வெல்டிங்குக்குக் கீழதான படுக்கச் சொல்றேன். எங்க அப்பன் செய்ததுக்குக் கீழயா? என் தம்பி தெனமும் அது மேல குந்திக்கினு போறான். நீ அரை மணி நேரம் கீழ படு."

அவன் அசையவில்லை. காரணம் சொன்னான், இன்னும் சூடு ஆறவில்லை என்றான், வேலை இருக்கிறது என்றான். அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்து சக்கரம் வரை இழுத்துக்கொண்டு போனார். அவன் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெரிய ஆள் ஒருவன் அழும் குரலில், "வாணாம்க்கா, உட்டுடு" என்றான். விட்டுவிட்டார். விடுவதற்கு முன் இரண்டு அறை.

என் பக்கம் திரும்பி, நீ பார் என்றார். கிரைண்டரை எடுத்து, ரவி அடித்த பெயின்டையும் அதற்குப் பக்கத்தில் இருந்த பழைய பெயின்டையும் தேய்த்து எடுத்தேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவினேன். விரிசலுக்குள் போன எண்ணெய் தூளில் ஊறி வெளியே வந்தது. கோடு ரவி வைத்த பட்டையைத் தாண்டி ஓடியது. அந்தக் கோடு தொடங்கிய இடம்தான் முக்கியம். அது வேறொரு பட்டையின் விளிம்பிலிருந்து தொடங்கியது. பழைய பட்டை, பழைய வெல்டிங். துரு ஏறி, மேலே பலமுறை பெயின்ட் அடித்து மறைத்தது.

எஸ்தர் அக்காவுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. அவருக்கு விற்றவன் ஒட்டுப் போட்டு விற்றிருக்கிறான். வாங்கிய நாளிலிருந்து தம்பியை அதன் மேல் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார். சுத்தியலை எடுத்து முன்கண்ணாடியை உடைத்தார். அப்புறம் ஹெட்லைட். அப்புறம் கதவு. எழுதியிருந்த மேய்ப்பர் வரை வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"முழுசா மாத்தினா நீ கீழ படுப்பியா?" என்று என்னைக் கேட்டார்.

படுப்பேன், ஆனால் மாற்றாதீர்கள், அந்தப் பணத்தை இந்த வண்டியில் போடுவது பைத்தியக்காரத்தனம் என்றேன். இந்தத் தடவை எதையும் என் மேல் வீசவில்லை.

அடுத்த நாளே புரோக்கர் சீனு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சேஸ் போன வண்டிக்குப் பட்டை வைத்து, பெயின்ட் அடித்து, எல்லை தாண்டி ஏதாவது கல்குவாரியில் தள்ளிவிடுவது. யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. சீனு நல்ல விலை சொன்னான். உடைக்கப் போட்டால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. அதை முன்பணமாகக் கொடுத்து அடுத்த வண்டி எடுத்துவிடலாம். ஜோசப் சம்மதம் என்றான். ஷெட்டில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்கா சீனுவிடம், யார் ஓட்டுவார்கள் என்று மட்டும் கேட்டார்.

"யாரோ ஓட்டுவான், உன் ஊட்டுப் புள்ளையா இன்னா? உனுக்கு டப்பு வந்தா சரி" என்றான் சீனு.

அவனுடைய மோட்டார் சைக்கிளை உதைத்துத் தள்ளிவிட்டு, எங்கள் கேஸ் கட்டிங் டார்ச்சை எடுத்தார். இரும்பு பிரிக்கிற இடத்தில் கற்ற கை அது. சீனு தடுக்க வந்தபோது எரிகிற டார்ச்சை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். முன்மயிர் கருகி ஷெட் முழுக்க நாறியது. அவன் ஓடிவிட்டான். அக்கா கேபினுக்குப் பின்னால் சேஸை ஒரு பக்கம் அறுத்தார். மறுபக்கம் போனார். ஜோசப் வந்து எல்லோர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தான். உதட்டில் ரத்தம் வந்தது. துப்பிவிட்டு மறுபக்கத்தையும் அறுத்தார். லாரி நடுவில் உடைந்து தரையில் உட்கார்ந்தது. சிமென்ட் தரை பிளந்தது.

"என் சோத்த வெட்டிட்ட இல்ல?" என்றான் ஜோசப்.

"ஆமா" என்றார்.

வண்டி இரும்பு விலைக்குப் போனது. ஜோசப் காட்டுப்பள்ளியில் ஒரு கம்பெனி டிரெய்லரில் சேர்ந்து, வீடு மாறி, அக்காவிடம் பேசுவதை விட்டுவிட்டான். அவர் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் லோடு பார்க்கும் வேலைக்குப் போனார். சொந்த வண்டி வைத்திருந்தவர் மறுபடி கூலிக்கு நின்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ஒருநாள் டீக்கடையில் நேராகவே கேட்டேன், வண்டியும் போய்த் தம்பியும் போனதுதானே மிச்சம் என்று. வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "கோவப்பட ஆள் இருக்கான் இல்ல? நல்லா படட்டும். நூறு வருசம் படட்டும்."

புதைக்கிற இடத்தில் ஜோசப் அழவில்லை. மண் தள்ளுகிறவன் மெதுவாகத் தள்ளுகிறான் என்று மண்வெட்டியைப் பிடுங்கி அவனிடம் சண்டைக்குப் போனான். பிடித்து நிறுத்தினோம். அந்த நிமிடம் அக்காவே மேலே நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த மரக்கட்டை என்னிடம் இருக்கிறது. சேஸ் வேலை எதுவானாலும், லோடோடு சக்கரத்தை அதன் மேல் ஏற்றிவிட்டுக் கீழே படுக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு சோதனை இல்லை, பாதுகாப்பு விதிப்படி குற்றம்கூட. அதற்கு முன் எல்லா அளவும் எடுத்திருப்பேன். ஆனாலும் படுக்காமல், வண்டி சரி என்று கையெழுத்துப் போட எனக்கு வரவில்லை. சில நாள் படுத்துவிட்டு எழுந்து, போட்ட வெல்டிங்கை நானே அறுத்திருக்கிறேன்.

போன வாரம் ஜோசப் ஒரு பழைய லாரியோடு வந்தான். சொந்தமாக எடுக்கலாம் என்று யோசனை, கொஞ்சம் செலவு செய்தால் ஓடும் என்கிறார்கள், நீ பார்த்துச் சொல் என்றான். நான் டார்ச் லைட்டை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது மரக்கட்டை முன்சக்கரத்துக்குக் கீழே இருந்தது, வண்டி முறுக்கிக்கொண்டு நின்றது. ஜோசப்பின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முதுகெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான்.

"வாணாம்" என்றான். "கீழ படுத்தா பயமா கீது."