மண் தெறித்த வாணம்

அதுவரை எனக்குத் தெரிந்தது அடுப்புத் தீ ஒன்றுதான். ஊதினால் எரியும், மூடினால் அணையும். வாணக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் குணம் மாறின தீயும் உண்டு என்று தெரிந்தது.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த மருந்தை மூங்கில் குழாயில் இடித்து இறுக்குவது அவர் வேலை. அடிவாயைக் களிமண்ணால் அடைத்து நடுவில் துளை விடுவது என் வேலை. அந்தத் துளை வழியாகத் தீ சீறும், வாணம் ஏறும். உள்ளே நெருக்கம் கூடினால் தீக்கு வேகம் கூடும். வேகம் கூடினால் நெருக்கம் இன்னும் கூடும். குழாய் தாங்காவிட்டால் பிடித்த கை போகும். என் மாமனாருக்கு வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். ஆனாலும் குழாயின் இடுப்பைக் கையில் பிடித்தபடியே கொளுத்தி, அது மேலே இழுப்பது தெரிந்த பிறகு விடுவதுதான் அந்த வீட்டுப் பெருமை. என் வாய்க்கு ஊரே அடங்கும். அந்தப் பெருமை அடங்கவில்லை. என் வீட்டுக்காரரின் விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று நான் பார்த்து முடிப்பதற்குள் வாணம் போயிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாசி மாதம். திருவட்டாற்றில் ஆற்றங்கரை மணலில், திருவிழாக்காரர்கள் முன்னால் மாதிரி வாணம் விட்டார். விடுவதற்கு முன்பே அவர் கையில் சீற்றம் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று மண்ணடைப்பு தெறித்து ஆற்றில் விழுந்தது. அத்தோடு தீயும் அணைந்தது. கூட்டம் சிரித்தது.

"ஏட்டி, ஒனக்க மண்ணு சதிச்சிட்டு. மானம் போச்சு!" என்று என்மேல் பாய்ந்தார்.

"மருந்து நமுத்திருக்கும். எனக்க மண்ண குத்தம் சொல்லாதீங்க."

குழாயைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதி மருந்து எரியாமல் கிடந்தது. ஒரு சிட்டிகையைப் பாறையில் வைத்துக் கொளுத்தினார். கடைசித் துகள்வரை எரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியில் வைத்தாலும் எரிகிற மருந்து; அடைத்து வைத்தால் ஆவேசமாக எரிகிற மருந்து; அடைப்பு ஒரேயடியாகத் திறந்த அந்த நொடியில் மட்டும் தீ அதைக் கைவிட்டுவிட்டது. திறந்ததால் அணைந்த தீயை அன்றுதான் கண்டேன். கடவுளே, இதற்குள்ளே யார் உட்கார்ந்து நடத்துகிறார்கள் என்றிருந்தது.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கிலில் நீளவாக்கில் புதிதாக ஒரு வெடிப்பு, அவர் பிடித்திருந்த இடம்வரை ஓடி நின்றிருந்தது. மண் இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால் மூங்கில் பிளந்திருக்கும்.

மணலில் ஒரு கம்பை நட்டு, அடுத்த வாணத்தைக் கையில் பிடிக்காமல் அதில் சாய்த்து வைத்துக் கொளுத்தினார். கூட்டம் மறுபடியும் சிரித்தது. சிரிக்கட்டும். அன்றுதான் முதல்முறையாக, ஒரு வாணம் ஏறுவதை நான் அண்ணாந்து பார்த்தேன்.