அந்த 'அன்'னை அடிச்சிரும்

அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுத்துப் பிழைக்கிற தொழிலில், சரியாக அடித்தால் எழுதியவர் கெட்டிக்காரர், தப்பாக அடித்தால் நாம் முட்டாள். என்னை முதலில் கெடுத்தவர் பெயர் சிதம்பரநாதன். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் அவர் இன்ஜினியர், நான் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற அட்டைகள் செய்து விற்றோம். அந்த அட்டையைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க ஒரு புரோகிராம் வேண்டும். அதற்கு 'டிரைவர்' என்று பெயர். டிரைவர் எழுதுகிறவர்களுக்கு வழிசொல்லும் புத்தகத்தைச் சிதம்பரநாதன் கையால் எழுதுவார், நான் அடிப்பேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். டைப் இன்ஸ்டிட்யூட்டில் விரல்கள் மட்டும் படித்தன. இந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்கு மீதி சொல்லாமலே விளங்கும்.

போர்டைப் பார்த்து வந்தவர்

'எல்லா மெஷின்களுக்கும் டிரைவர் எழுதித் தரப்படும்' என்று முதலாளி வாசலில் போர்டு மாட்டினார். மூன்றாம் நாள் ஒருவர் லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டினவராம். இது வேறே டிரைவர், இதைத் தாளில் எழுதி அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "எழுதுனா மட்டும் போதுமா அண்ணாச்சி? வளைவுல ஓட்டத் தெரியணும்லா."

சிலேட்டும் ஆறும்

அட்டையில் இருக்கிற நினைவகத்தைக் கம்ப்யூட்டரின் நினைவகத்தோடு இணைப்பதற்கு மூன்று வழி உண்டு என்று ஒரு அத்தியாயம். அதில் 'கேஷ்' என்று ஒரு சொல். இங்கிலீஷில் அதற்கு ஸ்பெல்லிங் வேறு; எனக்குத் தெரிந்த கேஷ் ஒன்றுதான். கையெழுத்தும் கோழிக் கிறுக்கல். பணம் என்று அர்த்தம் வருகிற மாதிரியே பதினோரு பக்கமும் அடித்துவைத்தேன். சிதம்பரநாதன் அறையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

சிரித்த சந்தோஷத்தில் விளக்கமும் சொன்னார். தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று காலையில் ஒருவன் பார்த்துவந்து சிலேட்டில் எழுதிவைக்கிறான். அப்புறம் கேட்கிறவர்களுக்கெல்லாம் சிலேட்டைப் பார்த்தே சொன்னால் அது கேஷ்டு, சீக்கிரம் முடியும். ஒவ்வொரு தடவையும் ஆற்றுக்கே போய்ப் பார்த்தால் அன்கேஷ்டு. நேரமாகும், ஆனால் பழைய கணக்கு வராது. மூன்றாவது, சொல்லவேண்டியதைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்போது மெஷின்களின் சூட்டை அளந்து திரையில் காட்டுகிற அட்டை ஒன்றும் செய்துகொண்டிருந்தோம். அப்படியானால் அந்தச் சூடு பார்க்கிற அட்டைக்கு எது சார் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "உமக்கு எதுக்கு வே அர்த்தம்? எழுத்தைப் பாத்து அடியும், போதும்."

பென்சில் எழுத்து

அந்தச் சூடு பார்க்கிற அட்டையின் புத்தகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வேலை மாறிப் பெங்களூருக்குப் போய்விட்டார். பதினாலாம் பக்கத்தில் 'கேஷ்டு' என்ற சொல்லுக்கு முன்னால் பென்சிலில் மெல்லிசாக ஒரு 'அன்', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சேர்க்கச் சொல்கிறாரா, எடுக்கச் சொல்கிறாரா? போன் போட்டுக் கேட்டேன். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார்.

நம் தொழிலில் டைப் செய்வதற்கும் அடி என்பார்கள், கோடு போட்டு எடுத்துவிடுவதற்கும் அடி என்பார்கள். எந்த அடி சார் என்று இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிலேட்டையும் ஆற்றையும் நினைத்துப் பார்த்திருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் அர்த்தம் உமக்கு எதுக்கு என்றவரிடம் நான் ஏன் கேட்கவேண்டும் என்று வீம்பு. பென்சில் எழுத்தின் மேல் கோடு போட்டுவிட்டு 'கேஷ்டு' என்று மட்டும் அடித்தேன். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்த 'அன்'னை அடிச்சிரும் வே."

ஒரு கைப்பிடி நெல்

களக்காடு பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் நெல் காயவைக்கிற டிரையருக்கு அந்த அட்டையை வாங்கினார். டிரைவர் எழுதியவன் எங்கள் புத்தகத்தைப் பார்த்து, சிலேட்டைப் பார்க்கிற மாதிரியே எழுதிவிட்டான். டிரையர் கொதித்துக்கொண்டிருக்க, திரையில் காலையில் பார்த்த சூடே நின்றது. ஒரு டிரையர் நெல்லும் கருகிப்போயிற்று. ஆலைக்காரர் கருகின நெல்லை ஒரு கை அள்ளி வந்து முதலாளி மேஜையில் பைய வைத்தார்.

நான் சிதம்பரநாதனுக்கு மறுபடி போன் போட்டேன். அவர் டைப் செய்யத்தான் சொன்னாராம். ஆனாலும் கேட்கிறவனுக்கு ரெண்டு அர்த்தம் வரும் என்று ஒத்துக்கொண்டு, அதை முதலாளியிடம் தானே வந்து சொல்வதாகச் சொன்னார். "ஒரு வாரம் பொறும் அண்ணாச்சி, நேர்ல வாரேன்" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். வாரம் போனது, மாதம் போனது. என்னை மெஷினை விட்டு எழுப்பி, அட்டைப்பெட்டிகளில் லேபிள் ஒட்டப் போட்டார்கள். எல்லோரும் நிற்கும்போது முதலாளி சொன்னது: "எட்டாங்கிளாஸ் ஆள வச்சா எட்டாங்கிளாஸ் வேலைதாம்ல நடக்கும்."

ஜங்ஷனில்

ஐந்து வருஷம் கழித்து திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் சிதம்பரநாதனைப் பார்த்தேன். மனைவியும் பெட்டிகளுமாக நின்றார். முதலாளி இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், ஆட்டோவில் பத்து நிமிஷம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றேன். ரயில் வரும் திசையைப் பார்த்தார். தப்பு தன் மேலும் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அந்தப் பழசையா அண்ணாச்சி இன்னும் நெனவுல வச்சிருக்கீரு?"

அவர் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற வரைக்கும் என் சிலேட்டில் அன்றைக்கு எழுதின சூடுதான் நிற்கும், போய்ப் புதுசாகப் பார்த்துவர என்னால் ஆகாது.