மைத்துனர் பூசிய சுவர்

திண்டிவனத்தில் நான் கட்டிய வீட்டுச் சுவர்களுக்கு, வண்ணம் அடிக்குமுன் வெண்மாவு இழைத்துப் பட்டி பார்க்க வந்தவர் மெலிந்த, நெடிய மனிதர். இமைமயிரிலும் வெண்தூள் படிந்திருந்தமையால் அவருடைய வயதை என்னால் கணிக்க இயலவில்லை. எந்தச் சுவராயினும் கைப்பேசி விளக்கை அதனோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

கூடத்துச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக அமைய வேண்டும் என்றேன். அவர் விளக்கைப் பிடித்தார். மேடும் பள்ளமுமாக நிழல்கள் எழுந்தன.

“இது யாரு பூசினதுங்க?”

“என் மைத்துனர்,” என்றேன் தாழ்ந்த குரலில்.

“வழவழன்னு போட்டா ஜன்னல் வெளிச்சத்துல அத்தினியும் தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு அவரு வருவாரில்ல? சொந்தக்காரங்க நடுவுல பேஜாராயிடும். சொரசொரன்னு டெக்ஸ்சர் போட்டுக்கினா ஒண்ணும் தெரியாதுங்க.”

தன் தம்பி தலைகுனிந்தால் என் மனைவி ஓராண்டு என்னோடு பேசமாட்டாள். ஆகவே என் ரசனையைத் துறந்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று விழுப்புரத்திலிருந்து வந்த மைத்துனர் அச்சுவரைத் தட்டி, “பூச்சு நல்லா இருந்தாத்தான் மாமா, டெக்ஸ்சர் இப்பிடி நிக்கும்!” என்று உறவினர் கேட்க முழங்கினார். பிறகு பந்தியில் அமர்ந்திருந்த பட்டிக்காரரிடம், “நம்ம வீட்டுக்கும் இதே மாதிரி போட்டுடுங்க” என்றார்.

“அதுவும் நீங்க பூசினதுதானுங்களா?”

“பின்னே? சுவரு, சீலிங்கு, எல்லாம் நானேதான்!”

“அப்போ சீலிங்குக்கும் சேத்தே போட்டுடலாங்க.”

மைத்துனர் மகிழ்ந்து தலையசைத்தார். பட்டிக்காரர் முகத்தில் நகைப்பின் சாயலே இல்லை. அந்த அடக்கம் எனக்கு இன்றளவும் கைவரவில்லை. அன்று மோர்க் குவளையால் வாயை மறைத்துக்கொள்ள நேர்ந்தது.