நாலு ராடும் ஒரு தராசும்

எங்கள் தொழிலில் வண்டியை முதலில் பார்ப்பது காதுதான். உடையார்பாளையம் ரோட்டிலிருந்து, யாரோ வெறும் உரலை இடிக்கிற மாதிரி 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் ஒற்றை விளக்கோடு அந்தக் கார் கண்ணில் பட்டது.

அப்போது உலகச் சண்டைக் காலம். அரியலூரில் ஒரு பஸ் ஷெட்டில் நான் ராத்திரி மேஸ்திரி. பகலெல்லாம் ஓடுகிற பஸ்ஸை ராத்திரிதானே பிரிக்க முடியும்? எனக்கும் ஒழுங்காகத் தூக்கம் வந்து பல வருஷமாகியிருந்தது. தொழிலை நான் படித்துக் கற்றதில்லை, பிரித்துக் கற்றேன். பழைய வண்டியோடு மாரடித்தவர்களுக்கு இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சுழி

காரின் சொந்தக்காரர் ஒரு பண்ணையார். டிரைவர் சின்னையன், முப்பது வயது, முன்பு கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவன். எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு நாலில் ஒன்று வளைந்திருந்தது, இன்னொன்றில் மயிரிழை வெடிப்பு. கப்பலில் புது ராடு வருகிற காலம் இல்லை. பண்ணையார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: தை மாதத்துக்குள் ஓடினால் கல்யாண வாடகைக்கு விடுவார், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போடுவார். சின்னையன் முகம் செத்துவிட்டது. டிரைவர் மாப்பிள்ளை என்றுதான் அரும்பாவூரில் அவனுக்குப் பெண் தருவதாக இருந்தார்கள். கரும்பு வெட்டுகிறவனுக்கு இல்லை.

"பழைய ராடாப் பாத்துப் பொறுக்கணுங்க. நாலும் ஒரே எடையா இருக்கணும்" என்றேன். எதற்கு என்று கேட்டார். சோடி சேராத மாட்டை நீங்கள் ஏரில் பூட்டுவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். பண்ணையார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாட்டுக்குச் சுழி இருக்கு, பாத்து வாங்கலாம். இரும்புக்கு ஏதுய்யா சுழி?"

தட்டு

இரும்புக்கும் சுழி உண்டு. அது சத்தத்தில் இருக்கிறது. திருச்சியில் ஒரு பாயின் பழைய இரும்புக் கடை. ராடுகள் முருங்கைக்காய் மாதிரி குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல ராடு மணி போலப் பாடும். வெடித்தது ஓட்டைச் சட்டி போல முனகும். காலையில் தட்ட ஆரம்பித்தது, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாய் போய்த் திரும்பியும் ஓயவில்லை. கடைசியில் இரண்டு பாடின. கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்தேன், முறுக்கும் இல்லை. செத்துப்போன எந்த வண்டியில் கழற்றியதோ என்று வாய்விட்டு முணுமுணுத்தேன். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது.

"வண்டிதான் மௌத்தாப் போச்சு மேஸ்திரி. ராடு ஹயாத்தோட இருக்கு. ஒங்க சுத்தியலுக்குத் தப்பிச்சதே சாட்சி."

டம்ளர்

எடை பார்க்க ஷெட்டுக்கு எதிர்த்த மளிகைக் கடையில் தராசு வாங்கி வந்தேன். படிக்கல் தட்டில் வண்டியின் பழைய நல்ல ராடு, சாமான் தட்டில் புதிதாக வாங்கியது. வாங்கியது கொஞ்சம் கனம். முள் நேராக நிற்கிற வரைக்கும் அரத்தால் ராவினேன். இரண்டாவதுக்கும் அப்படியே. எஞ்சினைப் பூட்டிக் கிளப்பினோம். டொக் டொக் போய்விட்டது. ஆனால் வண்டி முழுக்கக் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. பானெட்டின் மேல் சின்னையன் வைத்திருந்த காப்பி டம்ளர் தானாகவே விளிம்பு வரைக்கும் நடந்துபோய்க் கீழே விழுந்தது.

"எனக்கு முன்னாடி டம்ளரு வேலைய வுட்டுப் போயிட்டுதுண்ணே."

புளி

மறுபடி பிரித்தேன். இரண்டு நாள் என் கையையே சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் ராடுகளைத் தட்டு மாற்றி வைத்துப் பார்த்தால், சமமாக இருந்தவை சமமாக இல்லை. சாமான் தட்டைத் தூக்கிக் கவிழ்த்தேன். அடியில் ஓர் உருண்டைப் புளி, வருஷக் கணக்கான தூசியோடு, தட்டோடு பிறந்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புளியளவு நான் நல்ல இரும்பை ராவித் தள்ளியிருக்கிறேன். ஊர்க்காரர்களின் துவரம்பருப்பில் குறைந்த அதே அளவுதான் என் எஞ்சினிலும் குறைந்திருந்தது.

வேறு வழியில்லாமல் பழைய ராடு இரண்டையும் ராவி மற்றதோடு சேர்த்தேன். இந்தத் தடவை நாலையும் ஒவ்வொன்றாக ஒரே தட்டில், ஒரே படிக்கல்லுக்கு எதிராக வைத்தேன். தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது புளியையும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் கூச்சப்படாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஊரு பூரா இந்தத் தராசுலதான் வாங்கித் திங்குது. ஒரு பய ஆடல. ஒங்க எஞ்சினுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

தை

மார்கழிக் கடைசியில் வண்டியைக் கிளப்பினோம். சின்னையன் புது டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி பானெட்டில் வைத்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பண்ணையாரை ஏற்றிக்கொண்டு திருமானூர் வரைக்கும் போய் வந்தான். வழியெல்லாம் அவர் சத்தமில்லாத எஞ்சினைப் பற்றிப் பார்த்தவர்களிடமெல்லாம் பேசினாராம். பேச்சு திருச்சி வரைக்கும் போனது. புதுக் கார் கிடைக்காத காலம். ஒரு கான்ட்ராக்டர் வந்தார், டம்ளர் வித்தையைப் பார்த்தார், கேட்ட விலையைக் கொடுத்தார். ஓட்டிப் போக அவரே ஒரு டிரைவரையும் கூட்டி வந்திருந்தார். பண்ணையார் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சின்னையன் என்னிடம் வந்தான். டிரைவர் வேலை போய்விட்டது என்று அரும்பாவூருக்கு அவனே ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டானாம். காக்கிச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. கொஞ்சம் ஆடவே வுட்டிருக்கலாம்."

வேலை சுத்தமாக இருந்தால் வண்டிக்கு விலை ஏறும், ஓட்டினவனுக்கு வேலை போகும் என்று எந்த ஷெட்டிலும் எழுதிப் போட்டிருக்கவில்லை என்பதால், நான் மண்ணெண்ணெய்ச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸின் போல்ட்டுகளைக் கழுவ உட்கார்ந்தேன்.