நீவின கை

எங்க தெருவுல எந்தப் பிள்ளைக்கு வயிறு வலிச்சாலும் என்கிட்டதான் தூக்கிட்டு வருவாக. குடலேத்தம்னு சொல்லி விளக்கெண்ணெய் தொட்டு நீவி விடுவேன். அதுல எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா!

அன்னைக்கு மடவார் வளாகம் கோயில்கிட்ட என் மக சைக்கிளோட விழுந்தா. ஒன்பது வயசு. ஹேண்டில் பார் வயித்துல குத்திருச்சு. மேல சிராய்ப்புகூட இல்ல, வலிக்குதுன்னா. விழுந்த அதிர்ச்சியில குடல் ஏறிருச்சுன்னு எண்ணெயை எடுத்தேன். "வேண்டாம்மா"ன்னு கையைத் தள்ளுனா. "செத்த நேரம் சும்மா கெடட்டி"ன்னு அழுத்தி நீவுனேன். பொறவு பார்த்தா மூஞ்சி வெளுத்துக் கெடக்கா.

ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, ஈரல் கிழிஞ்சிருக்கு, உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னாக.

"ஆபரேஷன் எப்பம்மா?"

"இப்ப வேண்டாம். நாடியும் பிரஷரும் நல்லா இருக்கு. பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் தானாவே ஆறிடும். அசையாம படுத்திருக்கட்டும், நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம். பிரஷர் இறங்குனா மட்டும்தான் ஆபரேஷன்."

எனக்கு ஒண்ணும் விளங்கல. கிழிஞ்சதைத் தைக்காம எப்படிக் கூடும்? பிள்ளையைக் கைவிட்டுட்டாகளோ? போலீஸ்ல இருக்கிற என் தம்பி வந்து, "படுக்கப்போடவா ஆஸ்பத்திரி? மதுரைக்குத் தூக்குவோம்"னு குதிச்சான். அவன் சொல்றதும் சரின்னுதான் பட்டுச்சு, டாக்டரம்மா சொல்றதும் சரின்னுதான் பட்டுச்சு.

அப்பத்தான் டாக்டரம்மா கேட்டாக, "விழுந்ததுக்கு அப்புறம் வயித்தை யாராவது அழுத்துனீங்களா?"

"இல்ல"ன்னுட்டேன்.

மதுரைக்குப் போகல, அங்கயே இருந்துட்டோம். மணிக்கொரு தரம் நர்ஸ் பிரஷர் பார்க்க வரும். ஒவ்வொரு தரமும் எனக்கு உசிரு போயி உசிரு வரும். மறுநாள் காலையில டாக்டரம்மாவை வராண்டாவுல மறிச்சுச் சொல்லிட்டேன்: "நான்தான் நீவுனேன். அதுலதான் கிழிஞ்சுச்சாம்மா?"

"தெரியலைம்மா. அதை யாராலும் சொல்ல முடியாது. இனிமே விழுந்த பிள்ளை வயித்துல கை வைக்காதீங்க."

திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். பாவி, என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியலையே!

ரத்தக் கசிவு தன்னால நின்னுச்சு. ஓடக்கூடாது, சைக்கிள் தொடக்கூடாதுன்னு சொல்லி வீட்டுக்கு விட்டாக. அறுக்கல, தைக்கல, கூடிருச்சு. எப்படின்னு இன்னைக்கும் எனக்குப் பிடிபடல. தெருவுல யாரு பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்பிருவேன்.

எல்லாம் ஆறி ரொம்ப மாசம் கழிச்சு, போன வாரம் என் மக மாங்காயைத் தின்னுட்டு வயிறு வலிக்குதுன்னா. என் கையை அவளே எடுத்து வயித்துல வச்சு, "நீவி விடும்மா"ன்னா. எனக்கு விரல் அசையல. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

"ஏம்மா அழுற? அன்னைக்குத்தான் வேண்டாம்னேன்."